சொன்னான், சொன்னார்

வணக்கம் ஐயா,

நான் காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஃபேக்டரியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வயது 26. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நினைத்தது வெளியே வந்துவிடும். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள், அதனால் இத்தனை நாள் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

போன மாதம் எங்கள் பிரிவில் இருக்கும் மேடம் ஒருவர் நீண்ட விடுப்பு முடிந்து வந்தார். "என்ன மேடம், வீட்டுக்காரரு தொரத்திட்டாரா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். தமாஷுக்குத்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. நடந்ததே அதுதான் என்று பிறகு தெரிந்தது. இன்று வரை என்னோடு பேசுவதில்லை.

அன்று சாயங்காலம் லோடு ஏற்றுகிற கிழவன் ஒருத்தன் என்னிடம் வந்து, "நெல்லக் கொட்டுனா அள்ளிக்கலாம் சார், சொல்லக் கொட்டுனா அள்ள முடியாது" என்றான். படிக்காதவன். அவனுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு சொல்லையும் யோசித்துத்தான் பேச வேண்டுமா? அப்படிப் பேசினால் பேச்சில் உயிர் இருக்குமா? எங்கள் பக்கத்துப் பேச்சே தெலுங்கும் கன்னடமும் கலந்து கரடுமுரடாக இருக்கும், அதுவும் ஒரு காரணமா? "இனிய உளவாக" குறளை எழுதி மேசையில் ஒட்டி வைத்திருக்கிறேன், பலன் இல்லை. அந்த மேடத்திடம் எப்படி மன்னிப்புக் கேட்பது?

ச., காவேரிப்பட்டணம்

*

அன்புள்ள ச.,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்காக நான் பதில் எழுத உட்காரவில்லை. கடிதத்தின் நடுவில் இருக்கிற சில வரிகள் என்னை உட்கார வைத்தன. கொஞ்ச நாளாகவே இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், நீங்கள் வந்து மாட்டினீர்கள்.

முதலில் சில்லறைக் கேள்விகளை முடித்துவிடுவோம். ஊர்ப்பேச்சின் மேல் பழி போடாதீர்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே மனிதர் வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ் என்று பேசுவார். மூன்றிலும் பணிவாகப் பேசலாம், மூன்றிலும் மூக்கை உடைக்கலாம். உங்கள் தமாஷில் ‘மேடம்’ ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நல்ல தமிழ்தான். குறளைப் பொறுத்தவரை, மேசையில் ஒட்டிய எதுவும் ஒரு வாரத்துக்குப் பிறகு கண்ணில் படாது. வள்ளுவரை விட்டுவிடுங்கள், பாவம். ஒவ்வொரு சொல்லையும் யோசித்துப் பேச யாராலும் ஆகாது. அப்படி ஒருவர் பேசினாலும் அவரோடு டீ குடிக்க யாரும் போக மாட்டார்கள்.

இப்போது அந்த வரிகள். ‘கிழவன் ஒருத்தன்’, ‘என்றான்’, ‘படிக்காதவன்’, ‘அவனுக்கு’. நான்கு சொற்கள். உங்கள் அப்பாவைவிட மூத்தவராக இருப்பார். உங்களைத் தனியாகப் பார்த்து, ‘சார்’ என்று கூப்பிட்டு, நோகாமல் ஒரு நல்லதைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவருக்கு இது. அதே கடிதத்தில் மேடம் ‘வந்தார்’. அதுகூடப் பரவாயில்லை. பெண்டாட்டியை வீட்டை விட்டுத் துரத்தினானே ஒருவன், அவனுக்குக்கூட உங்கள் தமாஷில் ‘தொரத்திட்டாரா’ என்று மரியாதை விழுந்திருக்கிறது. லோடு ஏற்றுகிறவருக்கு விழவில்லை.

எழுதும்போது கவனிக்கவில்லை என்பீர்கள். அதைத்தான் நானும் சொல்கிறேன். யோசிக்காமல் வருவதைத்தான் பார்க்க வேண்டும். தமிழில் வாயைத் திறந்து ஒருவரைச் சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் அவர் யார், நமக்கு மேலா கீழா என்று எடை போட்டு முடித்திருப்போம். அதைத் தீர்மானிக்காமல் வினைச்சொல்லை முடிக்கவே முடியாது. நீங்கள் யோசிக்காமல் பேசுகிறவர் என்று உங்களைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நான் நம்பவில்லை. உங்கள் முதலாளியிடம் ஒரு முறையாவது வாய் தவறி ‘வா, உட்காரு’ என்று சொன்னதுண்டா? தூக்கக் கலக்கத்தில், சீசன் நேரத்து ராத்திரி வேலை அலுப்பில், ஒரு முறை? வாட்ச்மேனுக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று, ஆடிட்டருக்கு ஒன்று என்று நாள் முழுக்கப் பிசகில்லாமல் மாற்றி மாற்றிப் போடுகிற வாய் அது. அந்த மேடத்திடம் கேட்டதையே எடுத்துக்கொள்ளுங்கள். மேனேஜர் லீவு முடிந்து வந்த அன்று, "என்ன சார், வீட்டம்மா தொரத்திட்டாங்களா?" என்று கேட்டிருப்பீர்களா? உங்கள் வாய் நீளம்தான், ஆனால் எங்கே நீளலாம், எங்கே அடங்க வேண்டும் என்று அதற்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதைச் சொன்னால் எங்கள் தர்மபுரியில் யாராவது ஒருவர் ஔவையைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். (2004க்கு முன்னால் காவேரிப்பட்டணமும் தர்மபுரி மாவட்டம்தான், அதனால் அதியமானில் உங்களுக்கும் பங்கு உண்டு.) நெல்லிக்கனி தந்த அதியமானை ஔவை ‘மன்னுக பெரும நீயே’ என்று ஒருமையில்தானே வாழ்த்தினார், ராஜாவுக்கே ‘நீ’ போதும் என்றால் லோடுமேனுக்கு என்ன குறைச்சல் என்பார்கள். இன்னும் படித்தவர்கள் தொல்காப்பியரையும் சேர்த்துக்கொள்வார்கள். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண வழி அல்ல என்று அவர் எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் ஔவையின் ‘நீ’ அரியணை வரைக்கும் போனது. உங்களுடைய ‘அவன்’ லோடு லாரிக்கு அந்தப் பக்கம் போவதில்லை. முதலில் மேனேஜரை ‘நீ’ என்று கூப்பிட்டுவிட்டு வாருங்கள், அப்புறம் உட்கார்ந்து புறநானூறு பேசலாம்.

‘நெருக்கத்தில் சொல்கிறேன்’ என்பது இன்னொரு சமாதானம். நெருக்கம் என்றால் அவரும் உங்களை ‘வாடா’ என்று கூப்பிட வேண்டும். கூப்பிடுவாரா? கூப்பிட்டால் மறுநாள் அவரைக் கேட்டுக்குள் விடுவார்களா?

இந்த மேல், கீழ் கணக்கில் சாதியும் இருக்கிறது. அது எங்கே வந்தது என்று கேட்கலாம். கடிதத்தில் இல்லைதான். சீசனில் பெங்களூரா மாங்காய் லாரிகள் உங்கள் ஃபேக்டரி வாசலில் வரிசை கட்டும்போது கூடையைத் தலையில் வாங்குகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், ஏசி ரூமில் பில் போடுகிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று ஒரு நாள் பாருங்கள். நான் சொல்ல வேண்டியதில்லை.

அரசாங்கம் தன் பங்குக்குப் பெயர்களை மாற்றிப் பார்த்துவிட்டது. கருணாநிதி காலத்தில் ஊனமுற்றோர் மாற்றுத்திறனாளிகள் ஆனார்கள். 2020இல் துப்புரவுப் பணியாளர்கள் தூய்மைப் பணியாளர்கள் ஆனார்கள். வேண்டியதுதான். ஆனால், "தூய்மைப் பணியாளர் இன்னும் வரலயே, எங்க போனான்?" என்று கேட்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அரசாணை பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறது. 2021இல் பாலக்காடு மாவட்டத்தில் மாத்தூர் கிராமப் பஞ்சாயத்து, தன் அலுவலகத்தில் ‘சார்’, ‘மேடம்’ எல்லாம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது. நல்ல காரியம், ஆனால் எனக்கு அதில் பெரிய உற்சாகம் வரவில்லை. மேலே இருப்பவரிடமிருந்து ஒரு ‘சாரை’ எடுப்பது சுலபம். கீழே நிற்பவருக்கு ஒரு ‘ங்க’ போட்டுப் பாருங்கள், வீட்டிலேயே சண்டை வரும்.

எங்கள் வீட்டில் வந்தது. பென்னாகரம் பக்கம் எங்களுக்கு நாலைந்து புளியமரங்கள் உண்டு. மாசி, பங்குனியில் ஒரு பெரியவர் உலுக்க வருவார். அவரைப் பொடிசுகள் வரை எல்லாரும் பெயர் சொல்லி வாடா, போடா என்றுதான் கூப்பிடுவோம். அவர் என்னைச் ‘சின்ன சாமி’ என்பார். ஒரு வருஷம் அம்மா திடீரென்று, "வாங்கண்ணா, மோர் குடிச்சுட்டு மரம் ஏறுங்க" என்றார். ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னார் என்று நான் பின்னாலும் கேட்கவில்லை. பெரியவர் துரட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்றார். முகம் செத்துவிட்டது. "ஏன் தாயி, எதுனா தப்பு பண்ணிட்டனா? வேற ஆள வெச்சுட்டீங்களா?" என்றார். வேலையை விட்டு அனுப்பப் போகிறார்கள், அதற்குத்தான் இந்த மரியாதை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. அப்பாயி திண்ணையில் இருந்து சிரித்தாள். "பாத்தியா, அவனுக்கே புடிக்கல" என்றாள்.

அம்மா ஒரு வார்த்தை பேசாமல் மோர்ச் செம்பை நீட்டினார். மறுநாளும் ‘வாங்கண்ணா’தான். அடுத்த வருஷமும் ‘வாங்கண்ணா’தான். அப்பாயி ஒரு சீசன் முழுக்க அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியவர் அம்மாவைக் கடைசி வரை ‘தாயி’ என்றுதான் கூப்பிட்டார், அது மாறவில்லை. ஆனால் என்னைச் ‘சின்ன சாமி’ என்பதை எப்போதோ விட்டுவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். "டேய், அந்தப் பக்கம் போவாத, கிளை விழும்" என்று ஒரு நாள் மரத்து மேலிருந்து அதட்டினார். அப்பாயிக்குப் பொறுக்கவில்லை. எனக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

ஆகவே நாளைக்குக் காலையில் போய் அந்தப் பெரியவரை ‘ஐயா’ என்றால் அவர் பூரித்துப் போவார் என்று எதிர்பார்க்காதீர்கள். கேலி செய்கிறீர்கள் என்று நினைப்பார், இல்லையென்றால் பயப்படுவார். உங்கள் பிரிவில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், உங்கள் வாயைக் கேட்டுச் சிரித்துப் பழகியவர்கள்தானே. நீங்கள் நிறுத்தாமல் இருந்தால் போதும். அவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மேடம் விஷயத்தை மறந்தே போனேன். எல்லார் முன்னாலும் சொன்னதற்கு எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள், அவர் வீட்டுக் கதை இன்னொரு தரம் ஊர்வலம் போகும். வாட்ஸ்அப்பும் கூடாது. நேரில், தனியாக, "நான் கேட்டது தப்புங்க மேடம்" என்று ஒரு வாக்கியம். அதில் ‘தமாஷுக்கு’ வரக்கூடாது, ‘எனக்குத் தெரியாது’வும் வரக்கூடாது. அவர் பதில் சொல்லாவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள். உங்களோடு பேசியே ஆக வேண்டும் என்று அவருக்கு ஒரு கட்டாயமும் இல்லை. விடுப்பு எடுத்த நாட்களுக்கு அவருக்கு வர வேண்டிய சம்பளம் ஏதாவது இழுபறியில் இருந்தால் அதைப் பார்த்து முடித்துக்கொடுங்கள், கணக்குப் பிரிவில்தானே இருக்கிறீர்கள்.