கிளவுடில் வைத்த கோப்புக்குச் சாவி யாரிடம்? – கேள்வி பதில்

திருப்பூர், பின்னலாடை ஏற்றுமதியாளர்: பையர்கள் (சரக்கு வாங்குவோர்) அனுப்பும் வடிவமைப்புகளையும் விலை விவரங்களையும் கிளவுடில் வைத்திருக்கிறோம். எல்லாமே என்கிரிப்ட் ஆகித்தான் இருக்கிறது என்கிறார்கள். அது போதுமா, ஐயா?

அவர்கள் சொல்வது பொய்யன்று. என்கிரிப்ஷன் என்னும் மறையாக்கம், சாவி எனப்படும் ரகசியக் குறியீடு இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றிவிடுகிறது. எடுத்துக்காட்டாக, அமேசானின் எஸ்3 என்ற கிளவுடு சேமிப்பகத்தில், 2023 ஜனவரி முதல், புதிதாக ஏற்றப்படும் ஒவ்வொரு கோப்பும் நாம் கேட்காமலேயே மறையாக்கம் பெறுகிறது. தரவு மையத்திலிருந்து வட்டு களவுபோனால், எடுத்தவருக்கு அதில் ஒன்றும் புரியாது. ஆனால், ஆர்டர்களைக் கவனிக்கும் உங்கள் மெர்ச்சண்டைசரின் கடவுச்சொல் களவுபோனால் நிலைமை வேறு. சாவி சேவையிடமே இருப்பதால், அந்தக் கணக்கில் நுழைந்தவர் யாராயினும் அவருக்குச் சேவை கோப்பைத் திறந்து காட்டிவிடும். ஆகவே, எல்லாக் கணக்குகளுக்கும் இரட்டைச் சரிபார்ப்பை (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பதை) இன்றே இயக்குங்கள். வேலையை விட்டு நின்றவர்களின் கணக்குகளை மூடுங்கள்.

கோவை, பம்புசெட் உற்பத்தியாளர்: எங்கள் வரைபடங்களைச் சேவை நிறுவனத்தாரே பார்க்க முடியாதபடி வைக்க இயலுமா?

இயலும். கோப்பு உங்கள் கணினியை விட்டுப் புறப்படும் முன்பே அதை மறையாக்கம் செய்துவிட வேண்டும். கிரிப்டோமேட்டர் போன்ற திறமூல (நிரல் அனைவரும் பார்க்கத் திறந்திருக்கும்) மென்பொருள்கள் இதற்கு ஏஇஎஸ் என்ற மறையாக்க முறையைப் பயன்படுத்துகின்றன. பெல்ஜியத்தைச் சேர்ந்த டேமன், ரைமன் இருவரும் வடிவமைத்த அம்முறையை 2001இல் அமெரிக்கா தரநிலையாக ஏற்றது. அதன் செய்முறையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மறைவாக இருக்க வேண்டியது சாவி மட்டுமே. 'எங்களுடையது ரகசிய முறை' என்று சொல்லி விற்கப்படும் மென்பொருளை நான் பரிந்துரைப்பதே இல்லை. ஒன்றை மட்டும் முன்பே அறிந்துகொள்ளுங்கள்: இவ்வாறு மூடிய கோப்பினுள் சேவையின் தேடுபொறி தேடாது, கடவுச்சொல்லையும், அதை மறந்தால் உதவும் மீட்புச் சாவியையும் தொலைத்துவிட்டால் எவராலும் திறந்து தர முடியாது.

ஈரோடு, மஞ்சள் மண்டிக் கணக்கர்: கணக்கை ஏற்றும்போது வழியில் யாரேனும் படித்துவிடுவார்களா?

முகவரி எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால், டிஎல்எஸ் என்ற நெறிமுறை, வழியில் செல்லும் தரவை மறையாக்கி அதைத் தடுக்கிறது. தளத்தின் சான்றிதழ் சரியில்லை என்று உலாவியில் எச்சரிக்கை தோன்றினால் மட்டும் மேற்கொண்டு செல்லாதீர்கள்.

சேலம், ஸ்கேன் மையம்: மறையாக்கத்தைக் கலைக்காமலேயே படங்களைக் கிளவுடில் ஆய்வு செய்ய முடியுமா?

முழுமையான அத்தகைய முறையை 2009இலேயே கணினி அறிஞர் கிரெய்க் ஜென்ட்ரி நிறுவிக் காட்டினார்; ஆயினும் அன்றாட ஆய்வுக்கு அது இன்னும் மிக மெதுவானது. நோயாளியின் பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டுப் படத்தை மட்டும் அனுப்புவதே உங்களுக்கு ஏற்றது. வேலையைச் செய்வது வேறொரு நிறுவனமாயினும், 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பொறுப்பை உங்கள் மீதே வைக்கிறது. பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம்.

கரூர், கணக்குத் தணிக்கையாளர்: சாவியை எங்கே வைப்பது?

கோப்பு இருக்கும் அதே கணக்கில் வைக்காதீர்கள். மீட்புச் சாவியைத் தாளில் அச்சிட்டு, ஒரு படியை வங்கி லாக்கரிலும் மற்றொன்றை நம்பிக்கையான பங்குதாரரிடமும் வையுங்கள். எனக்குத் தெரிந்த விசைத்தறி உரிமையாளர் ஒருவரிடம் கோப்புகள் அனைத்தும் பத்திரமாக இருந்தன. கடவுச்சொல்லை அறிந்திருந்த ஒரே ஊழியர் திடீரென இறந்துவிட்டதால், உரிமையாளரால் தம் கணக்குகளையே படிக்க முடியாமல் போயிற்று. ஆறு மாதத்திற்கு ஒருமுறை, வேறொரு கணினியில், அந்தத் தாளைக் கொண்டு ஒரு கோப்பையேனும் திறந்து பாருங்கள்.