எஸ்டோனியா போன்ற சின்ன நாட்டிலிருந்து வந்த அரசியல்வாதி காயா கல்லாஸ் எப்படி இவ்வளவு பிரபலமானார்?

முக்கியக் காரணம் உக்ரைன் போர்தான். அதற்கு முன் ஐரோப்பாவுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு.

1977இல் எஸ்டோனியத் தலைநகர் தாலினில் பிறந்த வழக்கறிஞர். அப்பா சீம் கல்லாஸ் முன்னாள் பிரதமர் என்பதால் அரசியல் வீட்டிலேயே இருந்தது. 2014இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் போனார், 2018இல் சீர்திருத்தக் கட்சித் தலைவரானார். 2019 தேர்தலில் அவர் கட்சி முதலிடம் பிடித்தும், மற்ற கட்சிகள் கூட்டணி சேர்ந்து ஆட்சி அமைத்துவிட்டன. அப்புறம் 2021 ஜனவரியில்தான் நாட்டின் முதல் பெண் பிரதமரானார்.

2022இல் ரஷ்யா படையெடுத்ததும் உக்ரைனுக்கு ஆயுதம் கொடுக்கச் சொல்லி ஓங்கி ஒலித்த குரல்களில் அவருடையது ஒன்று. அந்த உறுதிக்குக் குடும்ப வரலாறும் காரணம்: 1949இல் சோவியத் அரசு சைபீரியாவுக்கு நாடு கடத்தியவர்களில் ஆறு மாதக் குழந்தையாக இருந்த அவருடைய அம்மாவும் ஒருவர். அதனால் அவர் பேச்சில் இருக்கும் கோபம் உண்மையானது என்றே நினைக்கிறேன்.

உள்நாட்டில் நிலைமை வேறு. கணவர் பங்கு வைத்திருந்த நிறுவனத்துக்கு ரஷ்யாவில் தொழில் தொடர்பு இருந்தது 2023இல் வெளிவந்தபோது செல்வாக்கு நன்றாகவே சரிந்தது. பதவி விலக மறுத்தார். 2024 பிப்ரவரியில் ரஷ்யா அவரைத் தேடப்படுவோர் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் வெளியுறவுத் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.