ஜுவாதா கட்டுக்கதை இல்லை

கேள்வி: சவூதியில் வேலை பார்க்கும் என் தம்பி, ஹுஃபூஃப் பக்கத்தில் ஒரு சின்ன மண் பள்ளிவாசலைப் படமெடுத்து அனுப்பி, நபியவர்களின் பள்ளிக்கு அடுத்து முதலில் ஜும்ஆ (வெள்ளிக்கிழமைக் கூட்டுத் தொழுகை) நடந்த இடம் இதுதான் என்கிறான். ஹதீஸில் (நபிமொழியில்) ஜுவாதா என்ற அந்த ஊர் பஹ்ரைனில் என்றல்லவா வருகிறது? சுற்றுலாவுக்காகக் கிளப்பிய கதைதானே? (ஒரு வாசகி, கீழக்கரை)

பதில்: தம்பி சொன்னது சரி, அவரைச் சந்தேகப்படாதீர்கள். அன்றைக்கு பஹ்ரைன் என்றால் இன்றைய தீவு மட்டும் இல்லை, அரபு நாட்டின் கிழக்குக் கரையும் ஹுஃபூஃப் இருக்கும் அல்அஹ்ஸாவின் பேரீச்சந்தோப்புகளும் சேர்ந்ததுதான். ஜுவாதா அங்கே இருந்த ஒரு கிராமம். கட்டடம் பிற்காலத்தில் புதுப்பித்தது, சரி. ஆனால் செய்தி நபித்தோழர் இப்னு அப்பாஸ் வழியாக புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பிலேயே இருக்கிறது, அதுவும் 'கிராமங்களிலும் நகரங்களிலும் ஜும்ஆ' என்ற தலைப்பின் கீழ். கிராமத்தில் ஜும்ஆ கூடுமா என்று ஷாஃபி, ஹனஃபி சட்டப் பிரிவினர் வாதிடும்போதெல்லாம் இந்த ஊர்ப் பெயர் வந்துவிடும்.

அது அப்துல் கைஸ் குலத்தாரின் ஊர். வழியில் முழர் குலத்து எதிரிகள் இருந்ததால், போர் விலக்கப்பட்ட மாதத்தில்தான் எங்களால் மதீனாவுக்கு வர முடிகிறது என்று நபியவர்களிடம் முறையிட்டவர்கள் இவர்கள்தான். நபியவர்கள் இவர்களுக்குத் தொழுகை, ஜகாத் (கட்டாய தர்மம்), நோன்பு எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டு, நான்கு பாத்திரங்களில் பானம் ஊறவைக்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார்கள்: சுரைக்குடுக்கை, பச்சை ஜாடி, கீல் பூசிய பாத்திரம், பேரீச்ச மரத்தின் அடியைக் குடைந்து செய்த தொட்டி. இவற்றில் பேரீச்சம்பழம் ஊறினால் சீக்கிரம் புளித்துப் போதையேறிவிடும். தோப்புக்காரர்களின் வீட்டில் என்னென்ன இருக்கும் என்று தெரிந்து சொன்ன பேச்சு இது, எனக்கு அந்த ஹதீஸில் மிகப் பிடித்த இடமும் இதுதான்.

அப்புறம் 632-ல் நபியவர்கள் மறைந்ததும், நபியென்றால் இறந்திருக்க மாட்டாரே என்று அந்தக் குலத்திலேயே பேச்சு கிளம்பியது. அல்ஜாரூத் என்பவர் எழுந்து, முந்தைய நபிமார்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டார். இறந்துவிட்டார்கள் என்றார்கள். முஹம்மதும் அப்படித்தான் இறந்தார் என்றார் அவர், குலம் உறுதியாக நின்றது. சுற்றியிருந்த, இஸ்லாத்தை விட்டு விலகிய குலத்தார் விடவில்லை, ஜுவாதாவை முற்றுகையிட்டார்கள். உள்ளே பசி. அப்துல்லாஹ் இப்னு ஹதஃப் என்பவர் அங்கிருந்தே முதல் கலீபா அபூபக்கருக்குக் கவிதையாக முறையிட்டார், கலீபா அனுப்பிய அலா இப்னுல் ஹள்ரமீயின் படை வந்துதான் அவர்களை மீட்டது.