தைராய்டு கேள்வி பதில்: மாத்திரை சாப்பிட்டும் எண் இறங்கவில்லையா?

"தைராய்டு சரியாகவே மாட்டேன் என்கிறது" என்ற ஒரே வருத்தம்தான் பல கேள்விகளில் வேறு வேறு உருவில் வந்திருக்கிறது. ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டு ஒன்பதுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். 'எண்' என்று எல்லோரும் சொல்வது டி.எஸ்.ஹெச். அளவை: தைராய்டைச் சுரக்கச் சொல்லி, மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி அனுப்பும் ஹார்மோன் அது. தைராய்டு குறைந்தால் அது ஏறும், கூடினால் இறங்கும். தைராய்டு தரும் ஹார்மோன்கள் டி4, டி3. டி4-இன் பெயர்தான் தைராக்சின், மாத்திரையில் இருப்பதும் அதுவே. இரத்தத்தில் கட்டுப்படாமல் இருக்கும் டி4-தான் ரிப்போர்ட்டில் வரும் 'ஃப்ரீ டி4'. இங்கே சொல்லும் அளவுகள் பெரியவர்களுக்கு உரியவை. இதைப் படித்துவிட்டு டோஸை நீங்களாக மாற்ற வேண்டாம். மருத்துவரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: மூணு வருஷமா தைராக்சின் 100 மைக்ரோகிராம் போடுறேன். எடை 58 கிலோ. டி.எஸ்.ஹெச். 9, 12-ன்னு அங்கேயே நிக்குது. இப்ப 150 ஆக்கலாம்னு சொல்றாங்க. கூட்டணுமா?

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. சுரப்பி முழுவதும் செயலிழந்தவருக்குக்கூட ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் போதும். உங்கள் 58 கிலோவுக்கு அது 93 வருகிறது. ஆக, நீங்கள் ஏற்கெனவே முழு டோஸில் இருக்கிறீர்கள். அப்படியும் எண் இறங்கவில்லை என்றால் மாத்திரை போதவில்லை என்பதைவிட, விழுங்கிய மாத்திரை இரத்தத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றே முதலில் சந்தேகப்பட வேண்டும்.

வெறும் வயிற்றில் சாப்பிட்டாலே தைராக்சினில் 70 முதல் 80 சதவீதம்தான் உள்ளே போகிறது. அதையும் கெடுக்கப் பல வழிகள் உண்டு. மாத்திரையை விழுங்கிய கையோடு காபி குடிப்பது முதல் காரணம். தண்ணீரில் மட்டும் விழுங்கி, 30 முதல் 60 நிமிடம் கழித்துத்தான் வேறெதுவும். இரண்டாவது, கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகள். இவை குடலில் தைராக்சினோடு ஒட்டிக்கொண்டு அதை உறிஞ்சவிடாமல் வெளியேற்றிவிடும். இடையில் 4 மணி நேரம் விட வேண்டும். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில எதிர்ப்பு மருந்துகளுக்கும் இதே இடைவெளிதான். மல்டிவைட்டமினில் இரும்பும் கால்சியமும் ஒளிந்திருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் கதை வேறு. மாத்திரை கரைவதற்கு வயிற்று அமிலம் வேண்டும். இவை அமிலச் சுரப்பையே நாள் முழுக்கக் குறைத்துவிடுகின்றன. அதனால் நேர இடைவெளி விட்டும் பெரிய பயன் இருக்காது. அந்த மருந்து உண்மையில் தொடர்ந்து தேவையா என்று கேளுங்கள். தேவை என்றால் அதற்கு ஏற்றபடி தைராக்சின் டோஸை வைப்பார்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் எண் இறங்காவிட்டால் சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படுவது), ஹெச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமியின் தொற்று, இரைப்பைச் சவ்வு மெலிவு ஆகியவற்றைத் தேட வேண்டும். அதோடு, சங்கடமில்லாமல் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒன்று: வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது? டி.எஸ்.ஹெச். உயர்ந்தும் ஃப்ரீ டி4 மேல் எல்லையை ஒட்டியும் இருந்தால், பல வாரம் விட்டுவிட்டுப் பரிசோதனைக்கு முன் சில நாள் மட்டும் ஒழுங்காகச் சாப்பிட்டவரின் ரிப்போர்ட் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும்.

காரணம் தெரியாமல் 150-க்குப் போவதில் ஆபத்து உண்டு. நாளை கால்சியத்தை நிறுத்தினால் அதே 150 முழுசாக உள்ளே இறங்கும். படபடப்பு, இதயத் துடிப்பு தாறுமாறாவது, எலும்பு தேய்வது எல்லாம் அதன் பின்னால் வரும்.

கேள்வி: காலையில் அவ்வளவு இடைவெளி கிடைப்பதில்லை. இரவில் சாப்பிடலாமா?

பதில்: தாராளமாக. கடைசியாக உண்டு 3 மணி நேரம் ஆகியிருக்க வேண்டும், அவ்வளவுதான். காலை ஒரு நாள், இரவு ஒரு நாள் என்று மாற்றாதீர்கள்.

கேள்வி: ஒரே வாரத்தில் இரண்டு லேபில் பார்த்தேன். ஒன்றில் 4.8, இன்னொன்றில் 6.9. எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரியாக இருக்கலாம். டி.எஸ்.ஹெச். நள்ளிரவிலும் அதிகாலையிலும் உயர்ந்து, பிற்பகலில் தாழும். காலை 7 மணி ரத்தமும் மாலை 3 மணி ரத்தமும் ஒன்றுபோல் இருக்காது. பரிசோதனைக் கருவியின் முறையும் லேபுக்கு லேப் மாறும். எனவே ஒரே லேப், ஒரே நேரம், அன்றைய மாத்திரையைப் போடுவதற்கு முன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரை போட்டபின் சில மணி நேரம் ஃப்ரீ டி4 உயர்ந்து தெரியும்.

இன்னொன்றையும் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் குறையும். டி4-இல் ஏற்படும் சின்ன மாற்றத்தை டி.எஸ்.ஹெச். பல மடங்கு பெருக்கிக் காட்டும். ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.ஹெச். ஏறக்குறைய நூறு மடங்கு ஏறும். அதனால் 4.8-க்கும் 6.9-க்கும் உள்ள வித்தியாசம் உடம்பின் அளவில் மிகச் சிறியது.

டோஸ் மாற்றியவர்களுக்கு: தைராக்சினின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் காலம், சுமார் 7 நாள். புதிய டோஸ் இரத்தத்தில் நிலைபெற 5, 6 வாரம் ஆகும். இரண்டாம் வாரமே பரிசோதித்துப் பார்த்து டோஸை மறுபடி மாற்றுவதால்தான் பலருக்கு எண் ஊஞ்சலாடுகிறது. 6 முதல் 8 வாரம் பொறுங்கள். பிராண்டை மாற்றினாலும் அப்படியே.

கேள்வி: எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ரிப்போர்ட்டில் டி.எஸ்.ஹெச். 0.05, ஃப்ரீ டி4 அதிகம். தைராய்டு கூடிவிட்டது என்கிறார்கள். முடி உதிர்வுக்கு ஒரு வைட்டமின் சாப்பிடுகிறேன், வேறெதுவும் இல்லை.

பதில்: அந்த வைட்டமின் டப்பாவில் பயோட்டின் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நாளைக்கு உடம்புக்கு வேண்டியது சுமார் 30 மைக்ரோகிராம். முடிக்கென்று விற்பதில் பெரும்பாலும் 5,000 அல்லது 10,000 மைக்ரோகிராம் இருக்கும். பல லேப் கருவிகள் ஹார்மோனைப் பிடிக்கும் கொக்கியாக பயோட்டினையே பயன்படுத்துகின்றன. இரத்தத்தில் அது நிரம்பி வழிந்தால் கருவி ஏமாந்துபோய், டி.எஸ்.ஹெச்.சைக் குறைத்தும் டி4, டி3-ஐக் கூட்டியும் காட்டும். சில கருவிகளில், தைராய்டை மிகையாகச் சுரக்கவைக்கும் கிரேவ்ஸ் நோய்க்கான ஆன்டிபாடிகூடப் பொய்யாக உயரும். உடம்பில் எதுவுமே நடக்காமல் தாளில் மட்டும் நோய் வந்துவிடும்.

குறைந்தது 2 நாள் நிறுத்திவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். மிகப் பெரிய டோஸ் எடுப்பவர்கள் இன்னும் கூடுதலாக நிறுத்த வேண்டும். மறுபரிசோதனை வரும்வரை தைராய்டைக் குறைக்கும் மாத்திரையைத் தொடங்குவது சரியல்ல என்று மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: டி.எஸ்.ஹெச். 6.2, ஃப்ரீ டி4 நார்மல். வாழ்நாள் முழுக்க மாத்திரை என்று சொல்லிவிட்டார்கள். வயது 44.

பதில்: ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து வாழ்நாள் முடிவு எடுக்கக் கூடாது. 2, 3 மாதம் கழித்து மறுபடி பாருங்கள். கணிசமானவர்களுக்கு அது தானாகவே இறங்கிவிடும். அப்போது தைராய்டுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் டி.பி.ஓ. ஆன்டிபாடியையும் சேர்த்துப் பாருங்கள். அது பாசிட்டிவ் என்றால் ஹாஷிமோட்டோ தைராய்டு அழற்சி என்று பொருள் (1912-ல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ விவரித்தது). எண் பின்னால் உயரும் வாய்ப்பு அதிகம் என்பதால் ஆண்டுக்கு ஒருமுறை கண்காணிக்க வேண்டும். ஆன்டிபாடியை ஒருமுறை பார்த்தால் போதும். ஒவ்வொரு முறையும் பார்த்து அது 600-ஆ 900-ஆ என்று கவலைப்படுவதால் சிகிச்சை மாறப்போவதில்லை.

மறுபடி பார்க்கும்போது 10-ஐத் தாண்டினால் மாத்திரை பொதுவாகத் தேவை. 10-க்குக் கீழே என்றால் அறிகுறி, வயது, கருத்தரிக்கும் திட்டம் ஆகியவற்றைப் பார்த்து முடிவு செய்வார்கள். 70 வயதைக் கடந்தவருக்கு 6 என்பது பெரும்பாலும் வயதுக்கு இயல்பான எண். அவருக்கு மாத்திரை தருவதில் நன்மையைவிட இதயத்துக்குச் சுமைதான் அதிகம்.

கேள்வி: அக்காவுக்கு டி.எஸ்.ஹெச். 1.8, நார்மல். ஆனா ஃப்ரீ டி4 கீழ் எல்லைக்கும் கீழே. பிரசவத்துல நிறைய ரத்தம் போச்சு, பால் சுரக்கல, மாதவிடாயும் திரும்பல. டி.எஸ்.ஹெச். நல்லாத்தானே இருக்குன்னு அனுப்பிட்டாங்க.

பதில்: இந்தக் கேள்விக்கு அவசரமாகப் பதில் வேண்டும். அக்காவை இந்த வாரமே நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். டி4 குறைந்தால் பிட்யூட்டரி பதறி டி.எஸ்.ஹெச்.சை ஏற்ற வேண்டும். ஏற்றவில்லை என்றால் கோளாறு தைராய்டில் இல்லை, பிட்யூட்டரியில். பிரசவத்தின்போது அதிக இரத்தப்போக்கால் பிட்யூட்டரி பாதிக்கப்படுவது அறியப்பட்ட ஒன்று. பால் சுரக்காததும் மாதவிடாய் திரும்பாததும் அதையே காட்டுகின்றன.

இங்கே ஒரு வரிசை உண்டு, அதை மாற்றக் கூடாது. தைராக்சினைத் தொடங்கும் முன் காலை 8 மணி கார்டிசால் (அட்ரினல் சுரப்பி தரும் ஸ்டீராய்டு ஹார்மோன்) பரிசோதனை செய்ய வேண்டும். பிட்யூட்டரி பழுதானால் கார்டிசாலும் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் தைராக்சின் கொடுத்தால், மிச்சமிருக்கும் கார்டிசாலை உடம்பு இன்னும் வேகமாகத் தீர்த்துவிடும். இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். கார்டிசால் குறைவு என்றால் ஸ்டீராய்டு முதலில், தைராக்சின் பிறகு. இடையில் வாந்தி, கடும் சோர்வு, மயக்கம் வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். பின்னாளிலும் இவருக்கு டோஸை ஃப்ரீ டி4 பார்த்துத்தான் வைக்க வேண்டும். டி.எஸ்.ஹெச். வழிகாட்டாது.

கேள்வி: குழந்தை பிறந்து 3 மாதம். படபடப்பு, கை நடுக்கம், டி.எஸ்.ஹெச். 0.01. கார்பிமசோல் ஆரம்பித்துவிட்டார்கள். சரியா?

பதில்: எதனால் கூடியது என்று கண்டுபிடித்தார்களா என்பதுதான் கேள்வி. கிரேவ்ஸ் நோயில் சுரப்பி அளவுக்கு மீறி ஹார்மோனைத் தயாரிக்கிறது. கார்பிமசோல் அந்தத் தயாரிப்பை நிறுத்தும். பிரசவத்துக்குப் பிந்தைய அழற்சியில் புதுத் தயாரிப்பே இல்லை. சேமித்து வைத்த ஹார்மோன்தான் கசிகிறது. கசிவைக் கார்பிமசோல் தடுக்காது. அது தானாக அடங்கி, பல பெண்களுக்கு அடுத்து சில மாதம் தைராய்டு குறைந்து, பிறகு பெரும்பாலும் சரியாகும். அதுவரை படபடப்புக்கு மட்டும் ப்ரொப்ரனலால் போன்ற மருந்து போதும்.

இரண்டையும் பிரித்துக்காட்டுவது, கிரேவ்ஸ் நோய்க்கான டி.ஆர்.ஏ.பி. ஆன்டிபாடி பரிசோதனை. பாலூட்டுவதால் கதிரியக்க அயோடின் ஸ்கேன் உங்களுக்குக் கூடாது, எனவே இந்த ரத்தப் பரிசோதனையே முக்கியம். கார்பிமசோல் சாப்பிடும் காலத்தில் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே அதை நிறுத்திவிட்டு வெள்ளணுக்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். அபூர்வமாக அவை அடியோடு சரிந்துவிடும்.

கேள்வி: டி.எஸ்.ஹெச். 2.1-க்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. சோர்வு போகவில்லை. டி3 சேர்த்துச் சாப்பிட்டால் சரியாகும் என்கிறார்களே?

பதில்: உங்கள் சோர்வு பொய்யல்ல. ஆனால் அதன் காரணம் தைராய்டுதான் என்று இனி உறுதியாகச் சொல்ல முடியாது. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, சர்க்கரை பாருங்கள். குறட்டை விட்டு மூச்சுத் தடைபடுகிறதா, மனச்சோர்வு இருக்கிறதா, மாதவிடாய் நிற்கும் காலமா என்றும் பார்க்க வேண்டும். ஹீமோகுளோபின் நார்மலாக இருந்தும் ஃபெரிட்டின் தரைதட்டி இருப்பது பெண்களிடம் மிகவும் சகஜம். அதுவே சோர்வையும் முடி உதிர்வையும் தரும்.

இவற்றில் எதுவும் இல்லை என்றால் டி3 பற்றிப் பேசலாம். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் டி4 மட்டும் எடுப்பவரைவிட இருவகையும் எடுப்பவருக்குத் தெளிவான மேன்மை தெரியவில்லை. சிலர் நன்றாக உணர்வதும் உண்மை. டி3-இன் அரை ஆயுள் ஒரு நாள் அளவே என்பதால் பிரித்துச் சாப்பிட வேண்டும். மருத்துவரின் கண்காணிப்பில் 3 முதல் 6 மாதம் முயன்று, பலனில்லை என்றால் விட்டுவிடலாம். கர்ப்பிணிகளுக்கும் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்களுக்கும் வேண்டாம். விலங்குச் சுரப்பியை உலர்த்திச் செய்த மாத்திரையில் டி4, டி3 விகிதம் சுமார் 4-க்கு 1. மனிதச் சுரப்பி தருவதோ சுமார் 14-க்கு 1. ஆகவே அதை 'இயற்கையான மாற்று' என்று சொல்வதை ஏற்க முடியாது.

கேள்வி: 75 மைக்ரோகிராம் சாப்பிட்டு வருகிறேன். கர்ப்பம் உறுதியாகியிருக்கிறது. அடுத்த சந்திப்பு ஒரு மாதம் கழித்து. அதுவரை காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள், இன்றே மருத்துவரைத் தொலைபேசியில் அழையுங்கள். கர்ப்பத்தின் முதல் பாதியில் குழந்தை உங்கள் ஹார்மோனை நம்பித்தான் வளர்கிறது. பெரும்பாலும் சொல்லும் வழி, வாரத்துக்கு 7 மாத்திரை என்பதை 9 ஆக்குவது: அதாவது ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு. உங்களுக்கு அது வாரம் 525-லிருந்து 675 மைக்ரோகிராம். பிறகு பாதிக் கர்ப்பம்வரை 4 வாரத்துக்கு ஒருமுறை டி.எஸ்.ஹெச். பார்த்து, 2.5-க்குக் கீழே வைப்பார்கள். கர்ப்பத்துக்குத் தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளோடு 4 மணி நேர இடைவெளி இப்போது இன்னும் முக்கியம். பிரசவம் முடிந்ததும் பழைய டோஸுக்குத் திரும்பி, 6 வாரத்தில் ஒருமுறை பரிசோதிக்க வேண்டும்.