இரண்டு படங்களில் இரண்டு பனி விளிம்பு: எதை நம்புவது?

கேள்வி: நான் தொலையுணர்வு முதுநிலை மாணவி. நார்வே, ரஷ்யாவுக்கு வடக்கே உள்ள பேரன்ட்ஸ் கடலின் ஏப்ரல் மாதப் பனி விளிம்பை, அதாவது கடல்பனி முடிந்து திறந்த நீர் தொடங்கும் கோட்டை, வரைகிறேன். கடற்பரப்பு உமிழும் நுண்ணலைகளைச் செயற்கைக்கோள்கள் அளந்து தரும் நுண்ணலைத் தரவில் வரும் கோடும், ஐரோப்பாவின் சென்டினல்-1 செயற்கைக்கோள் எடுத்த ரேடார் படத்தைப் பார்த்து நான் வரைந்த கோடும் சில இடங்களில் 30 கிலோமீட்டர் விலகுகின்றன. எது சரி? ‘திருத்திய விளிம்பு’ தருவதாகச் சொல்லி ஒரு புராஜெக்ட் சென்டர் பணம் கேட்கிறது, கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். சென்டினல்-1 படங்களும், நுண்ணலைத் தரவுகளும், நார்வே வானிலை நிறுவனத்தின் பனி வரைபடங்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. விலைக்கு வாங்கிய கோடுகளோடு என்னிடம் வந்த மாணவர்கள் உண்டு. எந்த நாள், எந்த நேரம், எந்த வரையறை என்ற மூன்றில் ஒன்றுகூட அந்தக் கோடுகளில் இருந்ததில்லை.

உங்கள் இரண்டு கோடுகளுமே சரியாக இருக்கலாம். நுண்ணலைக் கோடு என்பது கடற்பரப்பில் 15 சதவீதம் பனி மூடியிருக்கும் எல்லை. செயற்கைக்கோள் ஒரே நாளில் பலமுறை கடந்து எடுத்த அளவீடுகளைச் சேர்த்துக் கணக்கிடுவது. அது 25 கிலோமீட்டர் கட்டங்களில் அமைந்த தரவு என்றால், ஒரு கட்டம் தள்ளிப்போனாலே உங்கள் வேறுபாடு வந்துவிடும். ரேடார் படமோ ஒரு கணத்தின் காட்சி. அதில் கண்ணுக்குத் தெரிந்த கடைசிப் பனித்துண்டு வரை நீங்கள் வரைந்திருப்பீர்கள். பனியிலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது துண்டுகள் சிதறி இரண்டு எல்லைகளும் விலகும். எதிர்த்திசையில் வீசினால் விளிம்பு இறுகி இரண்டும் நெருங்கும். ஆகவே படம் எடுத்த நேரத்தின் காற்றைக் கட்டாயம் பாருங்கள்.

ஓரிடத்தில் மட்டும் உங்கள் ரேடார் கோட்டை நான் சந்தேகிப்பேன். புதிதாக உறையும் மெல்லிய பனி அலைகளை அடக்கிவிடுவதால் ரேடாரில் கருமையாகத் தெரியும். காற்றில்லாத நீரும் அதே கருமையில்தான் தெரியும். காற்று பலமானால் நீர் வெளுத்து, முதிர்ந்த பனியைப்போல் காட்டும். இரண்டாவது குழப்பத்தை எச்.வி. பதிவு (கிடைமட்டமாக அதிரும் அலையை அனுப்பி, செங்குத்தாக அதிர்ந்து திரும்புவதை மட்டும் பதிவது) ஓரளவு தீர்க்கும். முதலாவதை அது தீர்க்காது. அப்படிப்பட்ட கருந்திட்டுகளுக்கு, மேகமில்லாத நேரத்து மோடிஸ் (நாசா செயற்கைக்கோள்களில் உள்ள உணர்கருவி) வெப்பப் படத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே கடல்நீர் ஏறத்தாழ −1.8 டிகிரி செல்சியஸில் உறைந்துவிடும் என்பதால், அதைவிடத் தெளிவாகக் குளிர்ந்த பரப்பு பனியாகத்தான் இருக்கும். மேகத்தின் மேற்பரப்பும் குளிர்ந்தே தெரியும் என்பதால், மேகமில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்னொரு பொறி, நார்வே 2020இல் தன் கடல் மேலாண்மைத் திட்டத்தில் ஏற்ற பனி விளிம்பு மண்டலம். அதிலும் 15 சதவீதம் என்ற எண் வருகிறது. ஆனால் அது பனிச்செறிவு (கடற்பரப்பில் பனி மூடிய பங்கு) அன்று, பல ஆண்டுகளின் ஏப்ரல் நாட்களில் எத்தனை சதவீத நாட்கள் அங்கே பனி இருந்தது என்ற கணக்கு. எண்ணெய்த் தேடல் எதுவரை போகலாம் என்ற அரசியல் வாதத்தில் முடிவான எல்லை அது. அதை அன்றன்றைய விளிம்போடு ஒப்பிட்டு எழுதிய ஆய்வேடுகளுக்கும் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. திருத்துபவர்கள் எண்ணைத்தான் பார்க்கிறார்கள், அது எதன் எண் என்று கேட்பதில்லை.

உங்கள் வழிகாட்டி ஒரே கோடுதான் வேண்டும் என்று வற்புறுத்துவார். பெரும்பாலான துறைகளில் இன்னமும் அதுதான் வழக்கம். அதற்காக இரண்டுக்கும் நடுவே சராசரிக் கோடு இழுத்துவிடாதீர்கள். அப்படி ஒரு விளிம்பு கடலில் எங்கும் இல்லை. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வரைந்து, ஒவ்வொன்றின் அருகிலும் வரையறையையும் தேதியையும், ரேடார் கோட்டுக்கு உலகப் பொது நேரத்தையும் எழுதி, இடைப்பட்ட பட்டையைச் சிதறிய பனி மண்டலம் எனக் குறித்துக் கொடுங்கள்.