முயலுக்குப் புல் எவ்வளவு, கேரட் எவ்வளவு?

கேள்வி: ஈரோட்டில் அடுக்குமாடி வீட்டில் இரண்டு முயல் வளர்க்கிறோம். ஒன்றரை வயது, ஒவ்வொன்றும் 2 கிலோ இருக்கும். காலையில் கேரட், முட்டைகோஸ். மதியம் ஊறவைத்த கொண்டைக்கடலை. ராத்திரி கொஞ்சம் சோறு. குழந்தைகள் பிஸ்கட்டும் கொடுப்பார்கள். இரண்டுமே நன்றாகச் சாப்பிடுகின்றன. ஆனால் ஒரு மாதமாக ஒன்றுக்குப் பின்பக்கம் பிசுபிசுவென்று ஒட்டி நாற்றம் அடிக்கிறது. இது பேதியா? என்ன தீனி, எவ்வளவு கொடுக்க வேண்டும்? புல்லுக்கு எங்கே போவது? வெயிலுக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: பேதியாக இருக்க வாய்ப்பு குறைவு. கூண்டில் வழக்கமான உருண்டைப் புழுக்கையும் கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால், பின்பக்கம் ஒட்டியிருப்பது முயல் தின்னாமல் விட்ட இன்னொரு வகைப் புழுக்கை.

தின்னாமல் விட்டதா என்று முகம் சுளிக்க வேண்டாம். முயலின் செரிமானமே அப்படித்தான். பெருங்குடல் தொடங்கும் இடத்தில் அதற்குப் பெரிய பை ஒன்று உண்டு. தின்ற புல்லின் முரட்டு நார் உருண்டைப் புழுக்கையாக வெளியேறிவிடும். நைந்த பகுதி மட்டும் அந்தப் பைக்குத் திரும்பிப் போகும். அங்கே நுண்ணுயிரிகள் அதை நொதிக்க வைத்துப் புரதமும் பி வைட்டமின்களும் உண்டாக்கும். பிறகு அது பளபளப்பான சின்னத் திராட்சைக் கொத்து மாதிரி மிருதுவாக வெளியே வரும். முயல் குனிந்து, அதைத் தரையில் விழ விடாமலே தின்றுவிடும். அதனால்தான் நம் கண்ணில் அது படுவதில்லை.

மாவுச்சத்தும் சர்க்கரையும் கூடி, நார் குறைந்தால் இந்தப் புழுக்கை கூழாகிவிடும். வயிறு நிறைந்த முயல் அதைத் தேடாது. குண்டான முயலுக்குக் குனியவும் வராது. உங்கள் பட்டியலில் கொண்டைக்கடலை, சோறு, பிஸ்கட், கேரட் எல்லாம் இருக்கின்றன. புல் மட்டும் இல்லை. இப்போதைக்கு ஒட்டியிருப்பதை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்றாகக் காய வையுங்கள். அழுக்கான இடத்தில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும், தினமும் பாருங்கள். உருண்டைப் புழுக்கையே இல்லாமல் தண்ணீராகப் போனால் அது நிஜப் பேதி. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சரி, தீனிக்கு வருவோம். நம் ஊரில் முயல் வளர்ப்பு பற்றிக் கிடைக்கும் கையேடுகள் பெரும்பாலும் பண்ணைக்காக எழுதப்பட்டவை. கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி மையம் வளர்க்கிற வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா எல்லாம் இறைச்சிக்கான இனங்கள். மூன்று மாதத்தில் 2 கிலோ எடை வந்தால் விற்றுவிடலாம் என்பது பண்ணைக் கணக்கு. அதற்குத்தான் மக்காச்சோளம், கம்பு, புண்ணாக்கு, தவிடு கலந்த அடர்தீவனம். கணக்கு அவர்களுக்குச் சரியானதே. உங்கள் முயல் எட்டுப் பத்து வருஷம் உங்கள் வீட்டில் வாழப்போகிறது. அதற்கு எடை ஏற்றும் தீனி கொடுத்தால் ஈரலில் கொழுப்பு, கால் புண், பல் கோளாறு என்றுதான் போய் முடியும்.

பல்லைத் தனியாகச் சொல்ல வேண்டும். முயலின் பல் வாழ்நாள் முழுக்க வளரும். முன்பல் வாரத்துக்கு சுமார் 2 மில்லிமீட்டர். புல்லைப் பக்கவாட்டில் அரைத்து அரைத்துத் தின்றால்தான் கடைவாய்ப் பல் தேயும். கேரட் கடினமாக இருக்கிறதே, பல்லைத் தேய்க்காதா என்று பலர் கேட்பார்கள். தேய்க்காது. இரண்டு கடியில் நொறுங்கிப் போகிற பொருள் அது.

ஆகவே தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்குக் குறையாமல் புல் இருக்க வேண்டும், பச்சையாகவோ உலர்ந்ததாகவோ. முயலின் உடம்பு அளவுக்கு ஒரு குவியல் தினமும் வையுங்கள். ராத்திரியிலும் அது தீரக் கூடாது. அந்தி சாய்ந்த பிறகும் விடியலிலும்தான் முயல் அதிகம் மேயும்.

இணையத்தில் விற்கும் திமோத்தி புல் நல்லதுதான், ஆனால் விலை அதிகம். உங்கள் பக்கம் மாடு வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். கொங்குச் சீமையின் கொழுக்கட்டைப் புல் முயலுக்கு அருமையான தீனி. உலர்த்தி வைக்கவும் ஏற்றது. பூ எடுக்கும் முன் அறுத்து, நிழலில் இரண்டு மூன்று நாள் புரட்டிக் காயவைத்தால் பச்சை நிறமும் வாசனையும் நிற்கும். காற்றோட்டமான சாக்கில் போட்டு வையுங்கள். பூஞ்சை வாடை வந்தால் மொத்தத்தையும் கொட்டிவிடுங்கள். கோ-4 போன்ற கம்பு நேப்பியர் புல்லையும் தளிராக நறுக்கிப் போடலாம். மாடியில் நாலு தொட்டியில் அருகம்புல் வளர்த்தால் கைக்கு உதவும், ஆனால் இரண்டு முயலுக்கு அது மட்டும் காணாது. சாலையோரப் புல் வேண்டாம், அதில் நாய் மூத்திரமோ களைக்கொல்லியோ இருக்கலாம். இளம் சோளப் பயிரில் சயனைடு நஞ்சு உண்டு, அதுவும் ஆகாது. வைக்கோல் படுக்கைக்குச் சரி. தீனியாக அதில் சத்து ரொம்பக் கம்மி.

மசால் எனப்படும் பயறு வகைத் தீவனப் பயிர்களில் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். குதிரைமசால், வேலிமசால் இரண்டிலும் புரதமும் கால்சியமும் அதிகம். வளரும் குட்டிக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் நல்லது. ஆறு மாதம் தாண்டிய வீட்டு முயலுக்குத் தினமும் கொடுக்க வேண்டாம். முயலின் குடல் தேவைக்கு மேலேயும் கால்சியத்தை உறிஞ்சிவிடும். மிச்சம் சிறுநீரில்தான் போக வேண்டும். அது சிறுநீர்ப்பையில் சுண்ணாம்புச் சேறாகத் தங்கிவிடுவது உண்டு. அகத்திக்கீரையையும் இந்தக் கணக்கிலேயே வையுங்கள். சுபாபுல் தழையை அடியோடு தவிர்க்கலாம், முடி கொட்ட வைக்கும் மிமோசின் என்ற நச்சுப்பொருள் அதில் இருக்கிறது.

கீரை தினமும் ஒரு முயலுக்கு ஒரு கைப்பிடி. கொத்தமல்லி, புதினா, முள்ளங்கி இலை, கேரட் இலை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். கேரட்டை நீங்கள் சமைத்துவிட்டு இலையை முயலுக்குப் போடுங்கள். பாலக், தண்டுக்கீரை வகைகளில் ஆக்ஸலேட் கூடுதல் என்பதால் வாரம் ஓரிரு முறை போதும். கோஸ் சில முயலுக்கு வாயு உண்டாக்கும். கேரட், ஆப்பிள், வாழைப்பழம் எல்லாம் மிட்டாய்க் கணக்கில்தான் சேரும்: கட்டைவிரல் நகம் அளவு ஒரு துண்டு, அதுவும் தினமும் வேண்டாம். குழந்தைகளுக்கு ஏதாவது ஊட்டியே ஆக வேண்டும் என்றால் கையில் கொத்தமல்லித் தண்டைக் கொடுத்துவிடுங்கள்.

பெல்லட் தீவனம் (அரைத்துச் சின்னக் குச்சியாக அழுத்தியது) வாங்கினால் உடல் எடையில் கிலோவுக்கு 25 கிராமுக்கு மேல் போகாதீர்கள். உங்கள் முயலுக்கு நாளைக்கு 50 கிராம்தான் உச்சம், குண்டாக இருந்தால் பாதி. பையில் நார்ச்சத்து 18 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். தானியமும் வண்ணத் துண்டுகளும் கலந்த தீவனத்தை எடுக்காதீர்கள். முயல் இனிப்பானதைப் பொறுக்கித் தின்றுவிட்டு மீதியை விட்டுவிடும்.

வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, தக்காளிச் செடியின் இலை, சாக்லேட், அவகேடோ கூடவே கூடாது. பால்கனியில் அரளியோ உண்ணிச்செடியோ இருந்தால் முயல் எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள்.

மாற்றத்தை எப்படிச் செய்வது? பிஸ்கட்டும் சோறும் இன்றோடு நிற்கலாம். கடலையைப் பத்து நாளில் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்துங்கள். உலர்புல்லை முதல் நாளே தாராளமாக வைக்கலாம். பச்சைப் புல்லையும் கீரையையும் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். "பசித்தால் தானாகப் புல் தின்னும்" என்று பட்டினி போடுவது ஆபத்து. முயலின் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. அரை நாள் எதுவும் தின்னாமல், புழுக்கையும் போடாமல் ஒரு மூலையில் குறுகி உட்கார்ந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அது உயிர் போகும் நிலை.

அப்போது வீட்டில் மிச்சம் இருக்கும் குழந்தைகளின் ஆன்டிபயாடிக் சிரப்பை எடுத்துவிடாதீர்கள். அமாக்ஸிசிலின் போன்ற பென்சிலின் வகைகளை வாய்வழி கொடுத்தால் முயலின் குடல் நுண்ணுயிரிகள் குலைந்து, அதுவே முயலைக் கொன்றுவிடும்.

குளுக்கோஸ் தண்ணீர் வேண்டாம். தீனியில் கூடிப்போன சர்க்கரைதான் உங்கள் முயலுக்கு ஏற்கனவே பிரச்சினை. கனமான மண் கிண்ணத்தில் வெறும் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். பாட்டிலைவிடக் கிண்ணத்தில் முயல் அதிகம் குடிக்கும். 2 கிலோ முயல் நாளைக்கு 100 முதல் 300 மில்லி வரை குடிக்கலாம், வெயிலில் இன்னும் கூடும். சித்திரை வெயிலில் கீரையைக் கழுவி ஈரத்தோடே வைத்துவிடுங்கள்.