சின்ன நடுக்கம் வந்துபோனால் பெரியது வராதா?

கேள்வி: ஜப்பானின் குமாமோட்டோவில் வேலை பார்க்கிறேன். அவ்வப்போது வீடு லேசாக ஆடுகிறது. "சின்னச் சின்னதாக வந்துபோனால் நல்லதுதான், உள்ளே சேர்ந்த இறுக்கம் தீர்ந்துவிடும்" என்கிறார்கள் நண்பர்கள். சரிதானா? பலமாக ஆடினால் எப்போது வீட்டுக்குத் திரும்பலாம்?

பதில்: சரியில்லை. நிலநடுக்க அளவு ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடும். 7 அளவு நடுக்கம் ஒன்றின் ஆற்றலை 4 அளவு நடுக்கங்களே தீர்க்க வேண்டுமென்றால் 32,000 வேண்டும். ஆனால் அளவு ஒன்று குறைய எண்ணிக்கை பத்து மடங்குதான் கூடுகிறது. ஆக, ஒரு 7க்குக் கிடைப்பது ஆயிரம் 4கள். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

நிலநடுக்கம் பிறப்பது நிலத்தடிப் பாறையில் உள்ள பிளவில். பிளவின் இரு பக்கப் பாறைகளும் உராய்வால் பூட்டிக்கொண்டு நிற்க, சுற்றியுள்ள பாறை மெல்ல மெல்ல வளைகிறது. உராய்வு தாங்காத ஒரு புள்ளியில் நழுவல் தொடங்கும். நழுவும்போது உராய்வு இன்னும் குறையும், அங்கே தாங்கிய பாரம் பக்கத்துப் பகுதியின் தலையில் விழும், அதுவும் நழுவும். இந்த முறிவு நொடிக்கு 2.5 முதல் 3 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது. எவ்வளவு தூரம் ஓடி நிற்கிறது என்பதுதான் அளவைத் தீர்மானிக்கிறது. 5 அளவென்றால் ஏறக்குறைய 3 கி.மீ. நீள அகலப் பரப்பு, பத்துப் பதினைந்து செ.மீ. நழுவல். 7 என்றால் 40-50 கி.மீ. நீளம், 15 கி.மீ. ஆழம், ஒன்றிரண்டு மீட்டர் நழுவல்.

முறிவு நின்ற இடத்தில்தான் வம்பு. நழுவிய பகுதியில் இறுக்கம் தளரும், அதன் இரு முனைகளிலோ கூடும். உங்கள் ஊரிலேயே நடந்தது. 2016 ஏப்ரல் 14 இரவு 9.26க்கு ஹினாகு பிளவில் 6.5 அளவு நடுக்கம். 28 மணி நேரம் கழித்து, 16ஆம் தேதி அதிகாலை 1.25க்கு, அதை ஒட்டிய ஃபுதாகாவா பிளவு 7.3 அளவில் முறிந்தது. சில இடங்களில் தரையே சுமார் 2 மீட்டர் விலகியது. பக்கத்து ஊரான மாஷிகியில் இரண்டு முறையும் ஷிண்டோ 7, அதாவது ஓர் இடம் எவ்வளவு பலமாக ஆடியது என்று சொல்லும் ஜப்பானியத் தரவரிசையின் உச்சம். முதலாவதைத் தாங்கிய வீடுகள் இரண்டாவதில் சரிந்தன. வீடு திரும்பியிருந்தவர்களும் மாண்டார்கள்.

பின்னதிர்வுகளின் எண்ணிக்கை நாளாக ஆகக் குறையும்: பத்தாம் நாளில், முதல் நாளில் வந்ததில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. குறைவது எண்ணிக்கைதான், வருவது சிறியதாகவே இருக்கும் என்று பொருளில்லை. அதனால் பலமான அதிர்வுக்குப் பின் ஒரு வாரம், அதிலும் முதல் இரண்டு மூன்று நாள், அதே பலத்தில் இன்னொன்று வரும் என்று வைத்துக்கொண்டே நடங்கள்.

திரும்புவதைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஆய்வாளர்கள் வாசலில் ஒட்டும் தாள் சிவப்பென்றால் நுழையவே கூடாது, மஞ்சளென்றால் எச்சரிக்கையோடு, வேண்டியதை எடுக்க மட்டும், பச்சையென்றால் தங்கலாம். வீட்டுக்காரரிடம் கட்டிய ஆண்டை இப்போதே கேட்டுவையுங்கள். மாஷிகியின் மையப் பகுதியில் கட்டட விதிமுறை மாறிய 1981 ஜூனுக்கு முந்தைய மர வீடுகளில் 28 சதவீதம் இடிந்தன. அதற்குப் பின் 2000 வரை கட்டியவற்றில் 9, 2000ஆம் ஆண்டின் கட்டட விதிமுறைப்படி கட்டியவற்றில் 2 சதவீதம்தான்.

வெளியேறும்போது மின்சார மெயின் பிரேக்கரை இறக்கிவிடுங்கள். மின்சாரம் திரும்பும்போது கவிழ்ந்த ஹீட்டரிலிருந்து தீப்பிடிப்பது அங்கே வழக்கமான விபத்து. கேஸ் மீட்டர் ஷிண்டோ 5 அளவில் தானாக மூடிக்கொள்ளும். மறுபடி திறக்க, கேஸ் வாசனை இல்லையென்றால் எல்லா அடுப்பையும் அணைத்து, மீட்டரின் பொத்தானை அழுத்திவிட்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். கேஸ் வாசனை வந்தால் பொத்தானைத் தொடாமல் நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.